ஐந்தாவது கட்டம்

முதல் நான்கு கட்டங்களை நிரப்ப பிலோமினாவுக்கு அரை நிமிஷம் ஆகவில்லை. பெயர் தவசி, வயது நாற்பத்தாறு, ஆண், உயரம் நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர். ஐந்தாவது கட்டத்தில் இனம் என்று கேட்டது மிஷின், தொட்டால் நான்கு பெயர்கள் சரசரவென்று கீழே இறங்கின, காகேசியன், ஆப்பிரிக்கன், ஏசியன், இந்தியன், அவள் யோசிப்பதற்குள் விரல் போய் இந்தியனைத் தொட்டுவிட்டது. சனியன் பிடித்த விரல். பதினோரு வருஷப் பழக்கம் மூன்று வாரத்தில் போய்விடுமா. காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்றைக்குத் தொடமாட்டேன் தொடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவள்தான். எதிரே ஸ்டூலில் தவசி முழங்கால் மேல் கைகளை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறார் என்பதுபோல. வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லைப் பொடியாக அரைக்கிற மில்லில் பதினெட்டு வருஷம். குளித்து, தலைவாரி, துவைத்த சட்டை போட்டுத்தான் வந்திருக்கிறார், ஆனாலும் காது மடலுக்குள் வெள்ளையாக ஒரு கோடு கல்பொடி போகாமல் இருந்தது. வெளியே பெஞ்சில் அதே மில் ஆட்கள் இன்னும் பதினோரு பேர். வருஷத்துக்கு ஒருமுறை மில்காரர்கள் வேனில் ஏற்றி இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், பிலோமினா மிஷினில் ஊதச் சொல்லி மூச்சை அளப்பாள், டாக்டர் நல்லசிவம் கையெழுத்துப் போடுவார். இருக்க வேண்டிய மூச்சில் எண்பது சதவீதமும் அதற்கு மேலேயும் இருந்தால் நார்மல், மறுபடி அரவைக் கொட்டகைதான். எண்பதுக்குக் கீழே வந்தால் அந்த ஆளைக் கொட்டகைக்குள் விடக்கூடாது, வெளிவேலை கொடுக்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், மில்காரர்கள் ஏன் என்று எழுதிப்போட வேண்டும். விஷயம் அவ்வளவுதான். தவசி கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பதை இன்னும் பத்து நிமிஷத்தில் இந்த மிஷின் சொல்லிவிடும்.

"போன வருஷம் நார்மல்னுதான் குடுத்தீங்க சிஸ்டர்," என்றார் தவசி. நர்ஸோ இல்லையோ, ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்ட எல்லாப் பெண்ணும் சிஸ்டர்தான். "ஆனா மூணு மாசமா தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டு நாலு எட்டு வைக்க முடியல. எங்க வீட்டுல என்னங்கிறா தெரியுமா? டாக்டரே ஒண்ணுமில்லைன்ட்டாரு, நீ வேலைக்குப் போகச் சோம்பப்பட்டுக்கிட்டு நடிக்கிறேங்கிறா." சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு பாதியில் இருமலாக மாறிவிட்டது. பிலோமினா மூக்குக் கிளிப்பை எடுத்துத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். நடிக்கிறே. அந்தச் சொல்லை இந்த அறைக்குள் யார் சொன்னாலும் அவளால் கேட்க முடியாது, ஏனென்றால் இதே ஸ்டூலில், இதே இடத்தில், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் சவரிமுத்து உட்கார்ந்திருந்தபோது அவளும் அதைத்தான் சொன்னாள். எண்பத்தொன்று வந்திருந்தது அண்ணனுக்கு. எண்பத்தொண்ணுண்ணே, நீ பாசு, உனக்கு ஒண்ணும் இல்ல, நடிக்காத, போய்ப் பொழப்பப் பாரு. முதுகில் செல்லமாக ஒரு அடி வேறு. அவனும் தங்கச்சி சொன்னால் சரிதான் என்று போனான், மிஷின் படித்த தங்கச்சி அல்லவா, ஊரெல்லாம் பெருமை பேசுகிற தங்கச்சி. போய் இன்னும் மூன்று வருஷம் கல்லை அரைத்தான், கடைசி ஆறு மாசம் உட்கார்ந்தபடியே தூங்கினான், செத்து நாலு வருஷம் ஆகிறது. "வாயில நல்லா கவ்விக்கங்கண்ணே," என்றாள் பிலோமினா. அண்ணே என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது, இந்தப் பக்கத்தில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவது, அவர் மூக்கில் கிளிப்பை மாட்டி ஊதுகிற குழாயை நீட்டினாள்.

"நல்லா இழுங்க, இன்னும், இன்னும், ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு!" இந்த வேலையில் கத்தத்தான் வேண்டும். ஆறு செகண்டாவது ஊதினால்தான் கணக்கு, கத்தாவிட்டால் ஆட்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். அவள் குரல் காரிடார் கடைசிவரை கேட்கும், மருந்துக்கடைப் பையன்கள் அவளுக்கு ஊதல் அக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தெரியும். திரையில் கோடு மேலே ஏறி மலையேற முடியாத கிழவன் மாதிரி சீக்கிரமே படுத்துக்கொண்டது. இரண்டு புள்ளி ஒன்பது ஆறு லிட்டர். "இன்னும் ரெண்டு தடவ ஊதணும், ஒரு நிமிஷம் ஆசுவாசப்படுத்திக்கங்க," என்றாள். ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷம் முழுக்க அவளுக்கு நெத்திலி வாடை அடித்தது, ஆஸ்பத்திரி டெட்டால் வாடையை மீறிக்கொண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டே போனைச் சுவரில் சாய்த்து வைத்து டெக்னீஷியன்களுக்கான வகுப்பைக் கேட்டாள். சர்ட்டிபிகேட் தருவார்கள் என்பதற்காகத்தான் சேர்ந்தது. ஒரு டாக்டரம்மா, மெதுவான குரல், சண்டை போடத் தெரியாத குரல், படம் படமாகப் போட்டுக்கொண்டே போனார். அமெரிக்காவில் பருத்திக்காடு, கறுப்பு அடிமைகள், அவர்களுக்கு வைத்தியம் பார்த்த ஒரு வெள்ளைக்கார டாக்டர். கறுப்பர்களுக்கு நுரையீரலில் சக்தி குறைவு, அதனால் அவர்களைச் சும்மா இருக்கவிட்டால் ரத்தம் கெட்டுப்போகும், கடுமையாக வேலை வாங்கினால்தான் மூச்சு நன்றாக ஓடும், வேலை வாங்குவது அவர்களுக்கு நாம் செய்கிற நன்மை என்று எழுதிவைத்தாராம் அந்தப் புண்ணியவான். மூச்சை அளக்க ஒரு கருவியும் வைத்திருந்தாராம். பிறகு அங்கே ஒரு யுத்தம், யுத்தம் முடிந்ததும் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை ஊதச் சொல்லி அளந்தார்கள், கறுப்பருக்குக் குறைவு என்று அட்டவணை போட்டார்கள். நேற்றுவரை சங்கிலியில் கிடந்தவன், அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவன், அவன் என்ன தின்றான் எங்கே படுத்தான் என்று ஒருத்தன் கேட்கவில்லை. அந்த அட்டவணையைப் பார்த்து இன்னொரு அட்டவணை, அதைப் பார்த்து இன்னொன்று, நூற்றைம்பது வருஷம் கை மாறிக் கை மாறி, கடைசியில் மிஷினுக்குள் ஒரு கட்டமாகப் போய் உட்கார்ந்துகொண்டது என்றார் டாக்டரம்மா. கறுப்பரோடு நிற்காமல் நமக்கும் ஒரு கழிவு போட்டு வைத்திருக்கிறார்கள் என்றார். பிலோமினா நெத்திலித் தலையைக் கிள்ளிய கையோடு அப்படியே இருந்தாள், பூனை வந்து பாதி மீனைத் தின்றுவிட்டது.

"ரெடியாண்ணே? இழுங்க... ஊதுங்க!" இரண்டாவது தடவை தவசி நடுவில் இருமிவிட்டார். அது கணக்கில் சேராது. அவர் கண்ணில் தண்ணீர் வந்து, மன்னிச்சுக்கங்க சிஸ்டர் என்றார். இவர் ஏன் மன்னிப்புக் கேட்கிறார். யார் யாரோ கேட்க வேண்டிய மன்னிப்பையெல்லாம் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து இவர்களே கேட்டுவிட்டுப் போகிறார்கள். "பரவால்லண்ணே, தண்ணி குடிங்க," என்று பாட்டிலை நீட்டினாள், அரை லிட்டர் பாட்டில், அதைப் பார்த்ததும் மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. அரை லிட்டர்தான் வித்தியாசம். இதே வயதில் இதே உயரத்தில் ஒரு வெள்ளைக்காரன் இந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் அவனுக்கு நாலு புள்ளி ஒன்று லிட்டர் மூச்சு இருக்க வேண்டும் என்கிறது மிஷின். இந்தியன் என்று தொட்டால் மூன்று புள்ளி ஆறு. மீதி அரை லிட்டர் எங்கே போயிற்று? பிறக்கும்போதே பிடித்தம் செய்துகொண்டார்களா? இதில் வெட்கக்கேடு என்னவென்றால் இத்தனை வருஷமும் அவள் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள். மிஷினை மாட்டவந்த கம்பெனிப் பையன், நம்ம ஆளுங்களுக்குன்னே தனி செட்டிங் போட்டிருக்கேன் மேடம், கரெக்டா காட்டும் என்றபோது அவளுக்கு அப்படியே குளிர்ந்துவிட்டது. ஃபாரின் மிஷின், ஆனால் நம்மைத் தெரிந்து வைத்திருக்கிறது! வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். அண்ணனிடமும் சொன்னாள். நம்மள மாதிரி ஆளுக்குன்னே தனி அளவுண்ணே, தப்பா காட்டாது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். எண்பத்தொன்றை அந்தக் கழிவு இல்லாமல் போட்டுப் பார்த்தால் எழுபத்தொன்று. இந்த மூன்று வாரத்தில் அந்தக் கணக்கை அவள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போட்டாள், அரிசி மூட்டையில் சாக்பீஸால் போட்டாள், ஜெபமாலை உருட்டும்போது போட்டாள், ஒருதடவைகூட எண்பது வரவில்லை.

டாக்டர் நல்லசிவத்திடம் போன வாரமே சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். பொறுமையாக உட்காரவைத்து, இதப் பாரும்மா பிலோமினா, நம்ம நாட்டுலயே ஆரோக்கியமான ஆளுங்கள ஊதவச்சு அளந்து பாத்திருக்காங்க, நிஜமாவே நமக்கு லங்ஸ் கொஞ்சம் சின்னது, இதுல இனவெறி எங்க வந்துச்சு, இது சயின்ஸ் என்றார். அவளும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். வந்து கக்கூஸில் நின்று யோசித்தபோதுதான் கேட்க வேண்டியது எல்லாம் வரிசையாக வந்தது, எப்போதும் அப்படித்தான், படி இறங்கிய பிறகுதான் அவளுக்கு வாய் திறக்கும். ஆரோக்கியமான ஆள் என்றால் யார் சார்? அவன் அம்மா அவனை வயிற்றில் வைத்துக்கொண்டு விறகடுப்புப் புகையில் ஊதாங்குழலை ஊதிக்கொண்டிருந்தாளா இல்லையா? எட்டு வயதில் முட்டை சாப்பிட்டானா? அவள் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தில் இரண்டு பேருக்கும் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும், அவர்களை ஊதச் சொல்லி அளந்திருந்தால் அதையும் நார்மல் என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். பட்டினி கிடந்தவனை அளந்து இதுதான் உன் இனத்துக்கு அளவு என்று சொல்லிவிட்டால், அப்புறம் அவனுக்குச் சோறு போட வேண்டியதில்லை, தூசியை அடக்க வேண்டியதில்லை, யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, எல்லாருக்கும் வேலை மிச்சம். ஏன், இதே மதராஸ் மாகாணத்தில் வெள்ளைக்காரத் துரைகள் கவைபோல ஒரு கருவியை வைத்து ஆள் ஆளாக மூக்கை அளந்தார்களே, அந்தப் படத்தையும் டாக்டரம்மா காட்டினார், மூக்கு அகலமாக அகலமாகச் சாதி கீழே என்று எழுதினார்களாம், அதுவும் அன்றைக்கு சயின்ஸ்தான். வகுப்பு முடிந்ததும் அவள் மீன் கையோடு கண்ணாடி முன்னால் போய் நின்று மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். நாற்பத்துநாலு வயதில். துரைகள் கப்பலேறிப் போய் எத்தனை காலம், அந்தக் கருவியை மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அவளைப் பெண்பார்க்க வந்த வீட்டுச் சித்தி காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னாள், பொண்ணு லட்சணந்தான், கலர்தான் கம்மி. கம்மியாம். ஏதோ கடையில் போட்ட எடை குறைந்துவிட்டதுபோல. கான்வென்டில் கிறிஸ்துமஸ் நாடகம், மூன்று ராஜாக்களில் ஒருவர் கறுப்பு ராஜா, அந்த வேஷம் இவளுக்கு, மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் ரோஸ் பவுடர் போட்டு முடித்துவிட்டு மதர் இவளைப் பார்த்து, உனக்கு ஒண்ணும் பூசவேண்டாம், மிச்சம் என்றார், எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன, இவளும் சிரித்தாள். அதைத்தான் இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை, இவளும் சேர்ந்து சிரித்தது. ஒன்பது வயசுப் பிள்ளை வேறு என்ன செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், சமாதானம் ஆகவில்லை.

"மூணாவது, நாலாவது ரெண்டும் நல்லா ஊதிட்டா முடிஞ்சுதுண்ணே. இழுங்க, அடிவயித்துலேர்ந்து இழுங்க, ஊதுங்க! ஊதுங்க! ஊதுங்க! ஊதுங்க!" அவள் கத்தினாள். வழக்கமாகக் கத்துவது இல்லை இது, மேஜையில் கையை அடித்துக் கத்தினாள், அந்தச் சித்தி மேல், மதர் மேல், பருத்திக்காட்டு டாக்டர் மேல், கம்பெனிப் பையன் மேல், பாசு நடிக்காத என்று சொன்ன தன் வாய் மேல் கத்தினாள். தவசி பயந்துபோய்க் கழுத்து நரம்பெல்லாம் புடைக்க ஊதினார், முகம் கறுத்துச் சிவந்து, இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டார். மூன்று புள்ளி பூஜ்யம் பூஜ்யம். அடுத்த தடவையும் அதேதான் வந்தது. திரையின் ஓரத்தில் பச்சையில் எண்பத்துமூன்று, நார்மல். பிலோமினா அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாசம்வரை இந்தப் பச்சை வந்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும், ஒரு குடும்பம் பிழைத்தது என்று நினைப்பாள். எத்தனை பச்சை. பதினோரு வருஷத்தில் வேன் வேனாக எத்தனை பேரை முதுகில் தட்டித் திருப்பி அனுப்பியிருப்பாள். ஐந்தாவது கட்டத்தை மறுபடி திறந்தாள். ஊதியது ஊதியதுதான், அது மாறாது, கட்டத்தை மாற்றினால் சதவீதம் மட்டும் மாறும். காகேசியன், அதாவது வெள்ளைக்காரன். ஒருதடவை கண்ணை மூடித் திறப்பதற்குள் பச்சை போய்ச் சிவப்பு வந்தது, எழுபத்துமூன்று, குறைவு என்று வந்தது. தவசி எதுவும் செய்யவில்லை, ஸ்டூலில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிலோமினா அதை அச்சடித்தாள், கீழே பரிசோதித்தவர் என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக, எப்போதும் போடுகிற கிறுக்கல் இல்லாமல், எழுத்துக்கூட்டி எழுதினாள். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், இந்த வேலை போனால் இந்த ஊரில் இன்னொரு ஊதுகிற மிஷின் கிடையாது, அதுவும் தெரிந்துதான் எழுதினாள்.

டாக்டர் நல்லசிவம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "என்னம்மா, இன்னும் மொத ஆளுதானா? வேன்காரன் கத்துறான். நார்மல்தான?"

"எழுபத்தி மூணு சார்."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விளையாடுறியா பிலோமினா? இவரு வெள்ளைக்காரனா? மாத்தி பிரிண்ட் எடு," என்றார்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். எழுந்தபிறகுதான் எழுந்தது தெரிந்தது. "நீங்களே மாத்துங்க சார். இவரு முன்னாடியே மாத்துங்க."

"என்ன சார் மாத்தணும்?" என்று கேட்டார் தவசி. டாக்டர் நின்றபடியே விரலை நீட்டிக் கட்டத்தில் மறுபடி இந்தியனைத் தொட்டார், சிவப்பு போய்ப் பச்சை வந்தது, பிரிண்டர் கிரீச்சிட்டு ஒரு தாளைத் தள்ளியது. அதில் கையெழுத்துப் போட்டு தவசியிடம் நீட்டினார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. நார்மல்."

பிலோமினாவும் தன் தாளை நீட்டினாள். தவசி ஒரு கையில் ஒன்றாக இரண்டையும் வாங்கிக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எண்கள் தெரியும், பதினெட்டு வருஷம் மூட்டை எண்ணியவர். "ரெண்டுலயும் மூணுன்னுதான போட்டிருக்கு. நான் ஊதுனது ஒண்ணுதானே சார்?"

"அது வந்து, டெக்னிக்கலா..." என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"நீங்க ஊதுனது மாறலண்ணே," என்றாள் பிலோமினா. அவளுக்கே ஆச்சரியம், படி இறங்குவதற்கு முன்னாலேயே வாய் திறந்துவிட்டது. "உங்களுக்கு எவ்வளவு மூச்சு இருந்தாப் போதும்ங்கிறதத்தான் மாத்துறாங்க. வெள்ளைக்காரனுக்குன்னா நீங்க சீக்காளி. நமக்குன்னா இதுவே போதுமாம்."

தவசிக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள், வரவில்லை. அவர் டாக்டரைத்தான் பார்த்தார், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல. "போதலியே சார்," என்றார். "போதலங்கிறதனாலதான வந்தேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த ஆளைக் கூப்பிடு என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். தவசி அவர் கையெழுத்துப் போட்ட தாளை மேஜைமேல் வைத்தார், மிஷின் ஒயர் மேல் படாமல் தள்ளி வைத்தார். மற்றதை மடிக்கவில்லை. "இத யாருட்ட காட்டணும் சிஸ்டர்?"

பிலோமினாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வந்தது, ஃபேக்டரி இன்ஸ்பெக்டர், வக்கீல், அந்த மெதுவான குரல் டாக்டரம்மா. எல்லோரிடமும் போக வேண்டியிருக்கும், கூடவே அவளும் போக வேண்டியிருக்கும். "மொதல்ல வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கவங்ககிட்டக் காட்டுங்கண்ணே," என்றாள்.

தவசி கதவைத் திறந்துகொண்டு போனார். பெஞ்சில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பேச்சும் இருமலும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. சிறிது நேரம் கழித்து அடுத்த ஆள் உள்ளே வந்தார், அவர் பின்னாலேயே மீதிப் பத்துப் பேரும் வந்து சுவரோரமாக நின்றுகொண்டார்கள், யாரும் உட்காரவில்லை, எல்லோரும் திரையைத்தான் பார்த்தார்கள். பிலோமினா பெயர் கேட்டாள், வயது கேட்டாள், உயரம் அளந்தாள். ஐந்தாவது கட்டம் வந்ததும் திரையை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.